தலையை அரைத்தால் கடிகாரம் ஓடுகிறது, ஈ மட்டும் தாளம் தப்பித் திரிகிறது: எங்கே தவறு?

தூங்காத_ஈ எழுதியது:

வணக்கம். முதுகலை கடைசி ஆண்டு. ஆறு மாத ஆய்வுத் திட்டத்தில் நான்கு மாதம் போய்விட்டது. கையில் இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டாத முடிவுகள்.

பழ ஈயின் உடல்கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களில் ஒன்றான பீரியட்டை உடம்பு முழுக்க இல்லாமல், மூளையில் உள்ள கடிகார நியூரான்களில் மட்டும் வெட்டிப் பார்ப்பதுதான் வேலை. கேல்4-யூஏஎஸ் முறை, அதாவது தேர்ந்தெடுத்த செல்களில் மட்டும் ஒரு மரபணுவை இயக்கும் வழி. டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 நொதி, பீரியட்டைக் குறிவைக்கும் வழிகாட்டி ஆர்என்ஏ இரண்டும் நான் சொல்கிற செல்களில் மட்டும் உருவாகும்படி கலப்பு செய்தேன்.

முதலில் பிடிஎஃப் டிரைவர் (எந்தச் செல்களில் வெட்டு விழும் என்று தீர்மானிப்பது டிரைவர்). பிடிஎஃப் என்ற நியூரோபெப்டைடை, அதாவது நரம்புச் செல் செய்தி சொல்ல விடும் சிறு புரதத்தை, சுரக்கும் 16 செல்களில் மட்டும் வெட்டு விழும். படித்த புத்தகத்தில் எல்லாம் இவைதான் 'தலைமைக் கடிகாரம்'. ஈக்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, அகச்சிவப்புக் கதிரை எத்தனை முறை குறுக்கே கடக்கின்றன என்று எண்ணும் கருவியில் வைத்தேன். ஐந்து நாள் 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு. அப்புறம் ஏழு நாள் முழு இருட்டு. ஒன்றும் ஆகவில்லை. தலைமைக் கடிகாரம் இல்லாத ஈக்கள் இருட்டிலும் நேரத்துக்கு எழுந்தன, நேரத்துக்கு அடங்கின.

சரி, டிரைவரை மாற்றலாம் என்று, பிடிஎஃப் செல்களோடு, ஈயின் மாலை நடமாட்டத்தை ஓட்டும் 'மாலைச் செல்கள்' சிலவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஒன்றை எடுத்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து 25 செல்லுக்குப் பக்கம் வரும். இந்த முறை தாளம் போய்விட்டது. முழு இருட்டில் 32 குழாய்களில் 27இன் வரைபடம் மணலை வாரி இறைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

வெட்டு விழுந்ததை உறுதி செய்ய, இதே ஈக்களை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை உறைய வைத்து, தலைகளைப் பிரித்து அரைத்து, ஆர்என்ஏ எடுத்து கியூபிசிஆர் (ஆர்என்ஏ அளவைக் கணக்கிடும் சோதனை) செய்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பீரியட் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்ய எடுக்கும் மரபணு நகல், முன்னிரவில் ஏறுகிறது, விடிவதற்குள் இறங்குகிறது. சாதாரண ஈயின் கோட்டின் மேல் இதை வைத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. திரும்பவும் செய்தேன். அதே கோடு.

என் ஆய்வு வழிகாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வெட்டே விழவில்லை, ஈ தாளம் தப்பியதற்கு வேறு காரணம் தேடு." அவர் புரத வேதியியல்காரர், ஈ அவருடைய துறை இல்லை. ஆனாலும் கையில் இருக்கும் எண்களை வைத்து நான் எதிர்த்துப் பேச முடியவில்லை. இரண்டு கேள்விகள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தலைமைக் கடிகாரத்தைக் கழற்றியும் ஈ ஏன் நேரத்துக்கு எழுந்தது?

கோசைன்_வால் எழுதியது:

ஈ பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு, ஏறி இறங்கும் எண்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. ஒரு நாளைக்கு ஆறு புள்ளி என்றால் கவனம் தேவை. ஆறு புள்ளிக்குள் ஒரு சைன் அலையைப் பொருத்துவது பெரிய காரியமே இல்லை. நீங்கள் ஒரே ஒரு மரபணுவைப் பார்க்கிறீர்கள், அதுவும் ஏறி இறங்கும் என்று ஏற்கெனவே தெரிந்த மரபணு. அதனால் தப்பித்தீர்கள்.

நாளைக்கு யாராவது "எல்லா மரபணுவையும் வரிசைப்படுத்திப் பார்த்துவிடலாமே" என்று ஆசை காட்டுவார்கள். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: பழ ஈயில் புரதம் செய்யும் மரபணுக்கள் கிட்டத்தட்ட 14,000. நூற்றுக்கு ஐந்து தவறு பரவாயில்லை என்று அளவுகோல் வைத்தால், எதுவுமே அலையாவிட்டாலும் 700 மரபணுக்கள் 'அலைகிறோம்' என்று கையைத் தூக்கும். 2001, 2002இல் ஐந்து குழுக்கள் ஈத் தலைகளை மைக்ரோஅரேயில் (ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே சமயத்தில் அளக்கும் சில்லு) போட்டுத் தாளமுள்ள மரபணுக்களின் பட்டியல் வெளியிட்டன. ஒவ்வொன்றும் நீளமான பட்டியல். ஐந்திலும் பொதுவாக வந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். குறைந்தது இரண்டு முழு நாள், ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக எடுத்த மாதிரிகள். இதற்குக் கீழே நான் எதையும் நம்பமாட்டேன்.

வெட்டு விழுந்ததா என்பதை ஈக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக்கூர் எழுதியது:

கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே குழியில் நானும் விழுந்து எழுந்தவள். வெட்டு விழுந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் பார்த்த இடம் வேறு.

ஈத் தலையை அரைத்தால் குழாயில் மிதப்பது பெரும்பாலும் கண். ஒரு கூட்டுக்கண்ணில் ஏறக்குறைய 750 சிறு கண்கள், ஒவ்வொன்றிலும் 8 ஒளியுணர் செல்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 12,000 வந்துவிடும். அந்த ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சொந்தக் கடிகாரம் இருக்கிறது, பீரியட் ஏறி இறங்குகிறது. போதாததற்கு நியூரான்களைத் தாங்கும் கிளியா செல்களிலும் இருக்கிறது. நீங்கள் கை வைத்தது 25 செல்லில். அந்த 25இல் ஒரு மூலக்கூறுகூட மிச்சமில்லை என்றே வைத்துக்கொள்வோம், 12,000 என்பது 11,975 ஆகும். கியூபிசிஆரில் அளவைக் காட்டும் சுழற்சி எண் 0.1 நகர்ந்தாலே அளவு 7 சதவீதம் மாறிவிடும். பிப்பெட் பிடிக்கிற கை லேசாக நடுங்கினால் போதும், அது நகரும். இதில் 0.2 சதவீதத்தை எங்கே போய்த் தேடுவது? திருவிழாக் கூட்டத்தில் 25 பேர் வாயை மூடிக்கொண்டதை வெளியில் நின்று இரைச்சலைக் கேட்டுக் கண்டுபிடிக்கிற கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1990இல் பால் ஹார்டின், ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் மூவரும் பீரியட் எம்ஆர்என்ஏ ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்ததே தலைகளை அரைத்துத்தான். புரதம் தன் மரபணுவையே திரும்பி வந்து அடக்குகிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் கிளம்பியது. ஹால், ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் கிடைத்ததற்கு வேர் அதில் இருக்கிறது. ஈயை எழுப்புகிற செல்களைத் தேடிப் போனவர்களுக்குக் கண் செல்கள் கை கொடுத்தன. கண்ணிலும் மூளையிலும் பல்சக்கரம் ஒன்றே என்பதால் பிழைத்தார்கள். உங்கள் கேள்வி பல்சக்கரம் பற்றியது இல்லை, எந்தக் கடிகாரம் என்பது பற்றியது. அதற்குத் தலைச்சாறு உதவாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. காஸ்9 வெட்டினால் டிஎன்ஏவில் சில எழுத்துகள் விடுபடும் அல்லது கூடும். புரதம் கெட்டுப்போகும். ஆனால் எம்ஆர்என்ஏ காணாமல் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தாளமே இல்லாத பழைய பீரியட் பூஜ்ய வகை ஈ இருக்கிறதே, ரொனால்ட் கொனாப்காவும் சைமர் பென்சரும் 1971இல் வெளியிட்ட மூன்றில் ஒன்று (மற்ற இரண்டில் ஒன்றுக்கு நாள் 19 மணி, இன்னொன்றுக்கு 28 மணி), அதிலும் பீரியட் எம்ஆர்என்ஏ உண்டு. ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் கிடக்கும், அவ்வளவுதான். ஆகவே அந்த 25 செல்களை மட்டும் தனியாக எடுத்து கியூபிசிஆர் செய்தாலும் பூஜ்யம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பிரைமர் (கியூபிசிஆர் எந்த இடத்தை நகலெடுக்கும் என்று குறிக்கும் துண்டு) வெட்டு விழுந்த இடத்துக்கு அப்பால் உட்கார்ந்திருந்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலவே காட்டும்.

அதனால் புரதத்தைப் பாருங்கள். விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் மூளைகளை எடுங்கள். பீரியட் புரதம் உட்கருவுக்குள் குவிந்திருக்கும் நேரம் அது. பீரியட் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி ஒரு நிறம், பிடிஎஃப்பில் ஒட்டுவது இன்னொரு நிறம். பக்கவாட்டு நியூரான்கள் (உங்கள் பிடிஎஃப் செல்கள் இவற்றில் அடக்கம்) இருண்டு கிடந்து, அதே மூளையில் நீங்கள் தொடாத முதுகுப்புற நியூரான்கள் மின்னினால் வழிகாட்டியிடம் வேறு பேச்சே வேண்டாம், படத்தை நீட்டுங்கள். கட்டுப்பாடு அதே படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: முழு இருட்டில் எடுத்த மூளை என்றால் பெரிய பக்கவாட்டு நியூரான்களை வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஒன்றும் செய்யாத சாதாரண ஈயிலேயே அங்கே பீரியட் அலை ஓரிரு நாளில் மங்கிவிடும். சின்னவைதான் இருட்டிலும் விடாமல் ஓடும்.

இரண்டாவது கேள்வி. தலைமைக் கடிகாரம் என்ற பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2019இல் இரண்டு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாக, நீங்கள் செய்த இதே வேலையைச் செய்து பார்த்தன. காலைச் செல்களில், அதாவது உங்கள் பிடிஎஃப் கூட்டத்தில், மட்டும் கடிகாரத்தை உடைத்தால் ஈ தாளத்தோடு இருக்கிறது. மாலைச் செல்களில் மட்டும் உடைத்தாலும் இருக்கிறது. இரண்டிலும் உடைத்தால்தான் போகிறது. உங்கள் இரண்டு டிரைவர் முடிவும் அப்படியே இதன் மேல் உட்காருகிறது. நீங்கள் தோற்கவில்லை, ஒரு நல்ல ஆய்வைச் சொந்தக் கையால் திரும்பச் செய்திருக்கிறீர்கள். அதே நேரம் பிடிஎஃப் பெப்டைடையே நீக்கினால் முழு இருட்டில் பெரும்பாலான ஈக்கள் சில நாளில் தாளம் தப்பிவிடும், அது 1999லேயே தெரியும். அந்தச் செல்களின் கடிகாரம் நின்றாலும் அவற்றின் குரல் வேண்டியிருக்கிறது. எனக்கு இன்றைக்கும் பிடித்த இடம் இதுதான்.

இனி 'அந்தச் செல்களை மட்டும் தனியாக எடுத்தால்' என்றேனே, அது பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். அனுபவித்தவள் என்ற உரிமையில்.

நான் சேர்ந்த காலத்தில் செல்களைக் கையால்தான் பொறுக்குவோம். பிடிஎஃப் செல்களில் பச்சை ஒளிர்வுப் புரதம் வைத்த ஈக்கள். ஒரு நேரப்புள்ளிக்கு ஐம்பது அறுபது மூளை. குளிர்ந்த உப்புக் கரைசலில் பிரிக்க வேண்டும், அதில் டெட்ரோடோடாக்சின் மாதிரி நரம்பை அடக்கும் மருந்துகள் கலந்திருக்கும். இல்லாவிட்டால் பிய்த்தெடுக்கும் அதிர்ச்சியிலேயே நியூரான்கள் கூச்சல் போட்டு, எச்ஆர்38, ஸ்ட்ரைப் மாதிரி மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். நீங்கள் அளப்பது ஈயின் பொழுதை அல்ல, உங்கள் இடுக்கியின் கொடுமையை. அப்புறம் பப்பாயின், அதாவது பப்பாளிப் பாலில் இருக்கிற அதே நொதி, போட்டு இளக்கி, முனையைத் தீயில் காட்டி மழுக்கிய பிப்பெட்டில் மேலும் கீழும் இழுத்து மூளையைச் செல் செல்லாக உதிர்க்க வேண்டும். தட்டில் கொட்டினால் கறுப்பு வானத்தில் அங்கங்கே பச்சைப் புள்ளி. கண்ணாடிக் குழலைச் சூடாக்கி இழுத்து முடி மாதிரி நுனி செய்து, ஒவ்வொரு பச்சையாக உறிஞ்சிப் புதிய தட்டில் விட வேண்டும். அங்கிருந்து திரும்ப இன்னொரு தட்டு. மூன்று சுற்று. அறுபது மூளையில் கணக்குப்படி 960 செல் இருக்க வேண்டும், கடைசியில் கையில் நிற்பது நூறுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உறிஞ்சுவோம். தும்மல் வந்தால் அன்றைய வேலை போச்சு.

அதிலும் ஒரு தடவை எல்லாம் அழகாக முடிந்து, எண்களைப் பார்த்தால் ரெப்போ எகிறி நிற்கிறது. கிளியா செல்லின் அடையாளம் அது. பச்சையோடு ஒட்டிக்கொண்டு கிளியாத் துண்டுகள் வந்திருக்கின்றன. அன்றிலிருந்து எந்த மாதிரி வந்தாலும் முதலில் பிடிஎஃப் எகிறியிருக்கிறதா, ரெப்போ அடங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த வேலை தொடமாட்டேன்.

அதைவிடக் கொடுமை விளக்கு. ராத்திரிப் புள்ளிகளுக்கு ராத்திரி விழிக்க வேண்டாம் என்று எல்லோரும் இரண்டு அலமாரி வைத்திருப்பார்கள், ஒன்றின் பகல் இன்னொன்றின் இரவு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் தன் பாட்டிலைத் தேடி, 'இரவு' அலமாரியை மத்தியானம் திறந்து, கைபேசி வெளிச்சம் அடித்துத் துழாவியிருக்கிறார். ஈக்கு அது இருட்டு தொடங்கி மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் வெளிச்சம் பட்டால் ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் புரதம் உடனே பீரியட்டின் ஜோடியான டைம்லெஸ் புரதத்தைக் காட்டிக்கொடுக்கும், டைம்லெஸ் சிதையும், கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகும். என் கோடுகள் இரண்டு மூன்று மணி நேரம் நகர்ந்து கிடந்தன. ஏன் என்று மூன்று வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு பேச்சுவாக்கில் அவரே சொன்னபோது திட்டக்கூடத் தெம்பு இல்லை. சிவப்பு விளக்கு ஒன்று வாங்கிக் கயிறு கட்டிக் கதவில் தொங்கவிட்டேன். கிரிப்டோகுரோமுக்கு நீலம்தான் கண்ணில் படும், மங்கிய சிவப்பு படாது.

சும்மா_படிப்பவன் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் கணக்கெழுதும் ஆள், உயிரியல் பள்ளியோடு சரி. இவ்வளவு பாடுபட்டுப் பொறுக்கிய நூறு செல்லில் கடைசியில் என்னதான் கிடைத்தது சார்? கடிகாரம் எல்லாச் செல்லிலும் ஒன்றே என்கிறீர்கள். அப்படியானால் ஒரு செல் காலையையும் இன்னொன்று மாலையையும் எப்படிப் பிரித்துக்கொள்கின்றன?

கண்ணாடிக்கூர் எழுதியது:

சார் இல்லை, அக்கா. 'விழுந்து எழுந்தவள்' என்று எழுதியும் சாரா!

கேள்வி நல்ல கேள்வி. நடுவில் இருக்கும் இயந்திரத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளாக், சைக்கிள் என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து பீரியட், டைம்லெஸ் மரபணுக்களை முடுக்குகின்றன. எம்ஆர்என்ஏ முன்னிரவில் உச்சம். புரதம் சேருவது மெதுவாக, ஏனென்றால் டபுள்டைம் என்ற நொதி பீரியட் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டி அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. டைம்லெஸ் வந்து சேர்ந்தால்தான் பீரியட் நிலைக்கிறது. இரண்டும் நடு இரவு தாண்டி உட்கருவுக்குள் போய் கிளாக்-சைக்கிள் ஜோடியின் வாயை அடைக்கின்றன. காலையில் சிதைகின்றன. திரும்ப முதலிலிருந்து. ஈயின் மூளையில் ஏறக்குறைய 1,40,000 நியூரான்கள், அதில் இந்தச் சக்கரம் ஓடுபவை 150 என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தோம். நரம்பு இணைப்பு வரைபடம் முழுதாக வந்த பிறகு அதைவிடக் கூடுதலாக, 240 அளவுக்கு எண்ணுகிறார்கள்.

இந்தச் சக்கரம் எல்லாக் கடிகார நியூரான்களிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் சுற்றுகிறது. வேறுபடுவது அதனோடு சேர்ந்து என்னென்ன சுற்றுகிறது என்பதில். 2010இல் கையால் பொறுக்கிய பிடிஎஃப் செல்களின் முதல் பட்டியல் வந்தபோதே, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பெரியவையும் சின்னவையும் மரபணு அளவில் அவ்வளவு வித்தியாசமாக இருந்தன. 2017இல் ராஸ்பாஷ் குழு பக்கவாட்டு வயிற்றுப்புற நியூரான்கள், பக்கவாட்டு முதுகுப்புற நியூரான்கள், முதுகுப்புற நியூரான்கள் என்று மூன்று கூட்டத்தை நாள் முழுக்க எடுத்து வரிசைப்படுத்தியது. தாளமுள்ள மரபணுக்களின் பட்டியலே கூட்டத்துக்குக் கூட்டம் வேறு. அது மட்டும் இல்லை, அவை உச்சத்தை எட்டும் நேரப் பரவலும் வேறு வேறு. ஒரே மணியடித்தாலும் ஒரு வீட்டில் உலை வைக்கிறார்கள், இன்னொரு வீட்டில் பாயை விரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க டோபமைன் நியூரான்களையும் எடுத்தார்கள். அவற்றில் கடிகார மரபணுக்கள் குறைவு, அலைவதும் சரியில்லை. ஆனாலும் சில மரபணுக்கள் நாள்வட்டத்தில் ஏறி இறங்குகின்றன. சொந்தக் கடிகாரம் இல்லாமல், மற்ற செல்கள் சொல்வதைக் கேட்டு ஏறி இறங்குபவை. 'தாளம் தெரிகிறது, எனவே கடிகாரம் இருக்கிறது' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். கோசைன்_வால் தப்பான அலையைப் பற்றிச் சொன்னார், இது சரியான அலையிலேயே தப்பான முடிவு.

2021இல் செல்லுக்குச் செல் தனியாகவே வரிசைப்படுத்திவிட்டார்கள். கண்ணாடிக் குழல் போய் இயந்திரம் வந்துவிட்டது, எனக்கு லேசான பொறாமை. அதில் கடிகார நியூரான்கள் குறைந்தது 17 கூட்டங்களாகப் பிரிந்தன. ஒவ்வொன்றும் தனக்கென்று பெப்டைடுகள் வைத்திருக்கிறது. ஒன்று பிடிஎஃப், ஒன்று என்பிஎஃப், முதுகுப்புறத்தில் சிலவற்றில் டிஎச்31, சிலவற்றில் அலட்டோஸ்டாட்டின் சி. காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்த பழைய படம் இதற்கு ரொம்பச் சின்னது.

உங்கள் கேள்விக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. எம்ஆர்என்ஏவைப் பார்த்து மட்டும் செல் என்ன செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. பிடிஎஃப்பையே எடுங்கள். இத்தனை பேச்சுக்கும் காரணமான அந்த மரபணுவின் எம்ஆர்என்ஏ நாள்வட்டத்தில் ஏறி இறங்குவதே இல்லை! ஏறி இறங்குவது சின்னப் பக்கவாட்டு நியூரான்களின் இழை முனையில் இருக்கும் பெப்டைடு, காலையில் நிறைய, இரவில் குறைவு. அந்த முனைகளே பகலில் கிளை விரித்து இரவில் ஒடுங்குகின்றன. கிளாக்-சைக்கிள் ஜோடி மெஃப்2 என்ற மரபணுவைப் பிடித்து அதன் வழியாக ஃபாஸிக்ளின் 2 என்ற ஒட்டுப் புரதத்தை ஆட்டுவதால் அது நடக்கிறது. முதல் முறை அந்த இழைகளைக் காலையும் இரவும் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, ஒரே ஈ வகை என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கோசைன்_வால் எழுதியது:

டோபமைன் விஷயம் எனக்குப் புதிது. குறித்துக்கொண்டேன். 700 என்று நான் சொன்னதில் இதுவும் சேராது, இது உண்மையாகவே அலைகிறது என்பதுதான் உறுத்துகிறது.

தூங்காத_ஈ எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும் அக்கா.

பக்கத்துத் துறையில் பீரியட் ஆன்டிபாடி கொஞ்சம் மிச்சம் இருந்தது, கேட்டு வாங்கினேன். விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பத்து மூளை, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பத்து மூளை. முதல் நாள் நான்கு மூளையை இடுக்கியில் கிழித்துவிட்டேன். மீதிக்குச் சாயம் ஏற்றிக் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் வைத்தேன்.

விடியும் முன் எடுத்த ஆறில் ஐந்தில், பிடிஎஃப் செல்கள் சிவப்பாக வட்டமாகத் தெரிகின்றன, நடுவில் பீரியட்டின் பச்சை இல்லை. வெறும் ஓட்டை. அதே மூளையின் மேல் பக்கம் முதுகுப்புற நியூரான்கள் கொத்தாகப் பச்சை. ஆறாவது மூளையில் இடது பக்கம் ஒரே ஒரு சின்னச் செல்லில் மட்டும் பச்சை இருக்கிறது, அதில் வெட்டு விழாமல் தப்பியிருக்க வேண்டும். சாயங்காலம் எடுத்த பத்தில் எங்கேயும் பச்சை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது.

வழிகாட்டி படத்தை ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம், "கண்ணை நீக்கிவிட்டு மூளையை மட்டும் அரைத்தால் கியூபிசிஆரில் தெரியுமா?" என்றார். கிளியா இருக்கிறது சார் என்றேன். அது இருக்கிறதா என்று திரும்பக் கேட்டுவிட்டு, முதல் டிரைவர் ஈக்களையும் இதே மாதிரி சாயம் ஏற்றச் சொல்லியிருக்கிறார். அவை நேரத்துக்கு எழுந்த ஈக்கள், அவற்றின் பிடிஎஃப் செல்களிலும் ஓட்டை தெரிந்தால்தான் உங்கள் 2019 கதை என் ஈக்குப் பொருந்தும் என்கிறார். அதுவும் நியாயம்தான்.

கலப்பு போட்டாகிவிட்டது, பெரிய ஈக்கள் வர இன்னும் ஒன்பது நாள். அலமாரிக் கதவில் சிவப்பு விளக்கும் கட்டிவிட்டேன். ஒரு சந்தேகம் அக்கா: தப்பிய அந்த ஒற்றைச் செல் இருக்கும் ஈ, நடமாட்டக் கருவியில் தாளத்தோடு இருந்ததா இல்லையா என்று பார்க்க வழி இருக்கிறதா? குழாய் எண்ணை மூளையோடு சேர்த்துக் குறித்துவைக்கவில்லை.

கண்ணாடிக்கூர் எழுதியது:

இல்லை. அடுத்த தடவை குழாயிலிருந்து எடுக்கும்போதே எண்ணைச் சாயக் குழாயின் மூடியில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும்.